ஹரிபத மண்டலின் வேட்புமனு

முதுகெலும்பில் கீழிருந்து நாலாவது கணுவில் வலி. காலையில் எழுந்ததும் இருக்கும், மூட்டை ஏறியதும் மரத்துப்போகும், மூட்டை இறங்கியதும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். மருதமுத்து பதினேழு வருஷமாகக் கொல்கத்தாவில் கார்டன் ரீச் ஆற்றோரத்தில் ஒரு தனியார் கிடங்கில் படகிலிருந்து மூட்டை இறக்குகிறவன். நூறு கிலோ சாக்குக்கு உடம்பு பழகிவிட்டது. பழகாதது, சாக்கின் மேல் இன்னொருவன் ஏறி உட்கார்ந்ததுபோல வரும் கனம். அந்தக் கனம் ஈரமாக இருக்கும். சட்டையில் வேர்வை வருமுன்பே முதுகு நனைந்திருக்கும்.

ஏறி உட்காருகிறவன் யாரென்று மருதமுத்துவுக்குத் தெரியும். ஹரிபத மண்டல்.

கிடங்கு வாசலில் ஒரு பலகை, பலகை நிறைய ஆணிகள். தொழிலாளி ஒவ்வொருவனுக்கும் எண் வெட்டிய ஒரு பித்தளை டோக்கன் உண்டு. உள்ளே போகும்போது ஆணியில் மாட்டிவிட்டுப் போவான், சாயந்தரம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். டோக்கன் இல்லாதவன் வாசலில் குந்தியிருக்க வேண்டும், யாருக்காவது காய்ச்சல் வரும்வரை. 1983ஆம் வருஷம் ஆடி மழையில் இருபது வயது மருதமுத்து அப்படிக் குந்தியிருந்தான். ரயில்வேயில் கலாசியாக இருந்த அப்பா செத்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஆறு மாதமாகியிருந்தது. இரண்டு நாளாகச் சோறில்லை.

அன்று படகுக்கும் கரையிலிருந்த இறக்குமேடையான ஜெட்டிக்கும் நடுவே போட்டிருந்த பலகையில் ஹரிபத மண்டல் மூட்டையோடு வந்தான். பலகை வழுக்கியது. மூட்டை முதலில் போனது, பின்னால் ஆள். ஒரு தடவை தலை மேலே வந்தது. பிறகு ஆறு மூடிக்கொண்டது. மற்றவர்கள் முதுகில் சுமையோடு தரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். பார்த்தவன் மருதமுத்து ஒருவன்தான். அவன் கத்தவில்லை. அவன் கண் ஆணிப்பலகைக்குப் போயிற்று.

சாயந்தரம் ஒரு டோக்கன் மிஞ்சியது. எண் 114. கூலியாட்களை மேய்க்கும் சர்தார், "எவனாவது பார்த்தீங்களா?" என்று கேட்டார். மருதமுத்து இல்லையென்று தலையாட்டினான். உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் சாவு எழுத முடியாது. எழுதினால் எண் ரத்தாகும், யூனியனுக்கு ஒரு தலை குறையும். ஆகவே ஹரிபத மண்டல் சாகவில்லை, வேலைக்கு வரவில்லை என்று முடிவாயிற்று. மறுநாள் காலையில் சர்தார் 114ஐ எடுத்து மருதமுத்துவின் கையில் வைத்தார்.

"ஹரிபத வர்ற வரைக்கும் நீ ஹரிபத."

சர்தார் அப்புறம் செத்துப்போனார். ஹரிபத வரவில்லை. தினமும் காலையில் கணக்கர், "ஹரிபத மண்டல்!" என்று கூப்பிடுவார். மருதமுத்து "ஹாஜிர்" என்பான். அவனுக்கு அரை மூச்சு முன்னால், அவன் பிடரிக்குப் பின்னாலிருந்து, இன்னொரு "ஹாஜிர்" வரும். அது அவனுக்கு மட்டும்தான் கேட்கும்.

ஹரிபதவின் மனைவி லக்ஷ்மி மெட்டியாபுருஸில் ஒரு சந்தில் இருந்தாள். மருதமுத்து அவளை அண்ணி முறையில் பௌதி என்று கூப்பிடுவான். கூலியில் பாதியை மாதம் தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான். அதில் ஒரு நாள் பிந்தியதில்லை. புருஷன் சாகவில்லை என்பதால் அவள் விதவை இல்லை. வகிட்டில் குங்குமம், கையில் சங்கு வளையல். புரோகிதரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். ஆள் தொலைந்து பன்னிரண்டு வருஷமானால் தர்ப்பையில் பொம்மை செய்து எரித்துத் திதி கொடுக்கலாம் என்றார் அவர். கிடங்கில் விசாரித்துவிட்டு அவரே மறுத்தும் விட்டார். "தொலையலையே அம்மா. நேத்துக்கூட வேலைக்கு வந்திருக்கார்."

அதனால் மாதாமாதம் பணத்தை வாங்கிக்கொண்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"நீ அன்னிக்கு வாசல்லதான இருந்தே. பார்த்தியா?"

"இல்ல பௌதி."

பதினேழு வருஷம் இப்படிப் போயிற்று. அப்புறம் 2000ஆம் வருஷம் மே மாதம், மாநகராட்சித் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, கிடங்கு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது.

ஜீப் ஏன் வந்தது என்றால், உழைப்பாளர் ஐக்கியம் என்ற கட்சிக்கு மேயர் வேட்பாளர் கிடைக்கவில்லை. கொல்கத்தாவில் மேயருக்கு ஜனங்கள் நேராக ஓட்டுப் போடுவதில்லை. ஜெயித்த கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். ஆனாலும் இவர்தான் எங்கள் மேயர் என்று ஒரு முகத்தை முன்கூட்டியே காட்டி, அந்த முகத்தை ஒரு வார்டில் நிறுத்த வேண்டும். முகத்தைக் கண்டுபிடிக்க ஏழு பேர் கொண்ட உபகமிட்டி பத்தொன்பது நாளாகக் கூடிக்கொண்டிருந்தது.

கட்சிக்குள் கருத்து வேறுபாடு கிடையாது என்பது கட்சியின் கொள்கை. ஆகவே எந்தப் பெயரையும் யாரும் எதிர்க்க முடியாது. அதற்கு மாற்றாக ஒரு வழக்கம் இருந்தது. பெயர் வாசிக்கப்பட்டதும் ஒரு நிமிடம் மௌனம். அந்த ஒரு நிமிடத்துக்குள் யாராவது இருமினால் பெயர் விழுந்துவிடும். இருமியது யார் என்று திரும்பிப் பார்ப்பது ஒழுங்கீனம். பத்தொன்பது நாளில் அறுபத்திரண்டு பெயர்கள் இருமலில் போயின. ஒரு டாக்டரின் பெயருக்கு மூன்று பேர் சேர்ந்து இருமினார்கள். ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியையின் பெயருக்கு, வாசிப்பவர் கண்ணாடி மாட்டும்போதே இருமல் வந்துவிட்டது. தலைவர் அனாதிநாத் சக்ரவர்த்தி கடைசியில் தம் பெயரையே வைத்துப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வினாடி வரை சத்தமில்லை. ஐம்பத்தொன்பதாவது வினாடியில் பதற்றத்தில் அவருக்கே தொண்டை கமறிவிட்டது. விதி விதிதான்.

பட்டியல் தீர்ந்த பிறகு கட்சி யூனியனின் சந்தாப் புத்தகத்தைப் புரட்டினார்கள். கடைசிப் பக்கத்தில் ஹரிபத மண்டல். மூட்டைத் தொழிலாளி. ஒருநாள்கூட விடுப்பு இல்லை. சந்தா கிடங்குக் கூலியிலேயே பிடித்தம். எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போட்டவர். எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. ஒரு நிமிடம் மௌனம். யாருக்கும் அவரைத் தெரியாது என்பதால் யாருக்கும் இருமல் வரவில்லை. அந்த மௌனத்தில் அறைக்குள் தண்ணீர் சொட்டும் ஓசை கேட்டது என்று கூட்டக் குறிப்பில் இருக்கிறது. வெளியே நாற்பது டிகிரி வெயில். கூரை ஒழுகலை ஆராய மூவர் குழு அமைத்துவிட்டுக் கூட்டம் கலைந்தது.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் மஹாதேவன். கார்டன் ரீச்சில் உள்ள ரயில்வே தலைமையகத்தில் அக்கவுண்ட்ஸ் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். கட்சியின் மொழிச் சிறுபான்மையினர் பிரிவுக்கு அவர்தான் அமைப்பாளர், அவர்தான் உறுப்பினர். கார்டன் ரீச் அவருக்குத் தெரிந்த இடம் என்பதால் அனுப்பியிருந்தார்கள். கணக்கர் கூப்பிட்டார். மூட்டையோடு நின்ற ஒருவன் "ஹாஜிர்" என்றான். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "யாத்தே... முதுகு" என்றான்.

மஹாதேவன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "தமிழா நீ?"

"ஆமாங்க சார்."

"மண்டல்னு பேர் வச்சிண்டிருக்கே?"

"வச்சிக்கிடலங்க. குடுத்தாங்க."

"சரி, அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். வண்டியில ஏறு. நீதான் மேயர்."

"மூட்டை பாதியில நிக்கிது சார்."

"இறக்கிட்டு வாயேன். நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?"

கட்சி ஆபீசில் ஏழு பேரும் எழுந்து நின்று வரவேற்றார்கள். நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. தேநீர் கொண்டுவந்தவர் அந்தக் காலி நாற்காலிக்கு முன்னாலும் ஒரு கோப்பை வைத்துவிட்டுப் போனார்.

மருதமுத்து எழுந்தான். வங்காள மொழியில் சொன்னான். "பாபு, தப்பு நடந்துபோச்சு. நான் ஹரிபத இல்ல. என் பேர் மருதமுத்து."

தலைவர் அனாதி பாபு அமைதியாகக் கேட்டார். "ஹரிபத எங்கே?"

இதுதான் சொல்ல வேண்டிய இடம். மருதமுத்துவின் வாய் திறந்தது. பதினேழு வருஷப் பழக்கத்தில் அது பழைய வார்த்தையையே சொல்லியது. "வேலைக்கு வரலைங்க."

"வரவில்லை என்றால் வருவார் என்று அர்த்தம். வரும்வரைக்கும்?"

"வர்ற வரைக்கும் நான்."

"பிறகென்ன?" என்று அனாதி பாபு கமிட்டியின் பக்கம் திரும்பினார். அவர் பேசத் தொடங்கினால் எழுதிக்கொள்ள ஒருவர் உண்டு. "நண்பர்களே, ஆளைப் பார்க்காதீர்கள், இடத்தைப் பாருங்கள். இந்த ஊரில் இல்லாத ஒருவர் பதினேழு வருடமாக ஒருநாள்கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை. இருக்கிற நாம் எப்படி? நான் இந்த மாதம் நாலு நாள்தான் ஆபீசுக்கு வந்தேன். அவர் சந்தா கட்டினார், ஓட்டுப் போட்டார். தெருவிளக்கு கேட்டாரா? இல்லை. குழாய் கேட்டாரா? இல்லை. மழைக்காலத்தில் சாக்கடை வீட்டுக்குள் வருகிறது என்று நம் வாசலில் வந்து நின்றாரா? இல்லை. இப்படி ஒரு குடிமகனை உருவாக்கத்தான் நாம் முப்பது வருடமாகப் பாடுபட்டோம். உருவாகிவிட்டார். நாம்தான் கவனிக்கவில்லை."

கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் சொட்டு விழும் சத்தம் கேட்டது. காலி நாற்காலியின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஆற்றுச் சேற்றின் வாடை. கூரைக் குழுவின் அறிக்கை அன்றுதான் வந்திருந்தது. கூரையில் ஓட்டை இல்லை. ஆகவே இந்த ஈரம் எதிர்க்கட்சியின் வேலை என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். தீர்மானித்த பிறகும் அந்த நாற்காலியை நகர்த்திப் போட ஒருவரும் கிட்டே போகவில்லை.

மருதமுத்துவைத் தயார் செய்யும் பொறுப்பு மஹாதேவனுடையது. "உன் பெங்காலி எப்படி இருக்குன்னு பார்க்கணும். எதாவது பேசு."

மருதமுத்து ஜெட்டியில் பேசுகிற வங்காளத்தில், படகுக்காரர்களின் வசவோடு சேர்த்து, ரெண்டு நிமிடம் பேசினான். மஹாதேவனுக்குப் பாதி புரியவில்லை. முப்பத்தொரு வருஷம் இந்த ஊரில் இருந்தும் அவர் கத்திரிக்காய்க்காரரிடம் விரலைக் காட்டித்தான் பேரம் பேசுவார்.

"போதும் போதும். நீ பேசவே வேண்டாம். பேசாம இருந்ததாலதான் உனக்கு இந்த இடம். கையைக் கூப்பு. இன்னும் கொஞ்சம் மேலே. முதுகை நிமிர்த்து."

"நிமிராது சார்."

"அதுவும் நல்லதுதான். உழைச்ச முதுகு. போஸ்டர்ல நன்னா விழும்."

போஸ்டர் போட்டோவில் சிக்கல் வந்தது. மூன்று தடவை எடுத்தார்கள். மூன்றிலும் மருதமுத்துவின் இடது தோளுக்கு மேல் ஈரக்கறை போல ஒன்று விழுந்தது. நாலாவது தடவை எடுக்க போட்டோக்காரர் வரவில்லை, கேமராவையும் திருப்பி வாங்கிப் போகவில்லை. கறை விழுந்த இடத்தில் கட்சிச் சின்னத்தை அச்சடித்துக்கொண்டார்கள்.

வீட்டில் சௌந்தரம் கஞ்சி ஊற்றி வைத்திருந்தாள். திருமங்கலத்துக்காரி. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"மேயராமே? தெருவே பேசுது. அப்ப மேயர் பொண்டாட்டி ஆரு, நானா, அவுகளா?"

"மனு குடுக்கையில லக்ஷ்மி பௌதிதான் பக்கத்துல நிக்கணுமாம்."

"நான்?"

"அவுக எழுதுன வரலாத்துல நீ இல்ல."

"இருக்கவே வேணாம். எனக்கு என்ன அதுல பவுனா வருது?" சட்டியை டங்கென்று வைத்தாள். "ஆனா ஒண்ணு சொல்லுறேன் கேட்டுக்க. ஒன் பக்கத்துல விரிச்ச பாயி ஒருநாளு காஞ்சதில்ல. தொவைச்சுக் காயப்போட்டுக் காயப்போட்டு என் கையி செத்துப்போச்சு. அந்தாளு இங்கனதான் படுத்துக் கெடக்கான். நீ பார்த்ததைப் பார்த்தேன்னு சொல்ல ஒனக்கு என்னய்யா கேடு?"

"சொன்னா டோக்கன் போயிரும்டி."

"முதுகே போயிருச்சு. டோக்கனைத் தூக்கி எங்க மாட்டுவே?"

அவன் கஞ்சியைக் குடித்தான். 

மறுநாள் அனாதி பாபுவும் மஹாதேவனும் அவனைக் கூட்டிக்கொண்டு மெட்டியாபுருஸுக்குப் போனார்கள். சந்துக்குள் ஜீப் நுழையாது. அனாதி பாபு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடை மேல் போட்டிருந்த செங்கல்கள் மேல் கால்வைத்து வந்தார். இந்தச் சாக்கடையைப் பற்றி ஹரிபத ஒருநாளும் புகார் சொன்னதில்லை என்று வழியெல்லாம் பாராட்டிக்கொண்டே வந்தார்.

லக்ஷ்மி கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டாள். அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளினாள்.

"வந்து நிக்கிறேன். அவர் செத்துட்டார்னு எழுதிக் குடுங்க."

அனாதி பாபு சிரித்தார். "அம்மா, உங்கள் கணவர் மேயராகப் போகிறார். இந்த நேரத்தில் சாவு கேட்கிறீர்களே!"

"பதினேழு வருஷமா கேக்கிறேன் பாபு. இப்பதான நீங்க வந்தீங்க."

"யோசித்துப் பாருங்கள். பிறப்பு இறப்புப் பதிவு யார் கையில்? மாநகராட்சி கையில். மாநகராட்சி யார் கையில்? மேயர் கையில். ஜெயித்து நாற்காலியில் உட்காரட்டும். முதல் வேலையாகத் தன் சாவில் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்வார். நடுவில் ஒரு ஆள் கிடையாது, அலைச்சல் கிடையாது. இந்த ஊரில் எந்த விதவைக்கு இந்த வசதி கிடைக்கும்?"

லக்ஷ்மி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மருதமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு. பார்த்தியா?"

வழக்கமான 'இல்ல பௌதி' அன்று வரவில்லை. மருதமுத்து தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவன் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனு என்னிக்கு?" என்று அனாதி பாபுவிடம் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை அலிப்பூர் தேர்தல் அலுவலகம். மேளம், கொடி, நாற்பது ரிக்‌ஷா. மருதமுத்துவுக்குப் புது வேட்டி. வழியெல்லாம் "ஹரிபத மண்டல்!" என்று கத்தினார்கள், "வாழ்க!" என்று பதில் கத்தினார்கள். ஒவ்வொரு கத்தலுக்கும் அவன் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. வேட்டி பின்பக்கம் முழுக்க நனைந்து ஒட்டிக்கொண்டது. மஹாதேவன், "வேர்க்கறதா? பதட்டப்படாதே" என்று தன் கைக்குட்டையைக் கொடுத்தார். துடைத்துத் திருப்பிக் கொடுத்தபோது அதில் சேறு இருந்தது.

உள்ளே ஐந்து பேருக்குத்தான் அனுமதி. அனாதி பாபு, மஹாதேவன், முன்மொழிகிறவர், மருதமுத்து, லக்ஷ்மி. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி களைத்துப்போன மனிதர். காலையிலிருந்து பதினோரு மனு வாங்கியிருந்தார். வாக்காளர் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கட்சிக்காரர்களே வரிசையில் நிறுத்தி எடுத்துக் கொடுத்த அட்டை. பெயர் ஹரிபத மண்டல், முகம் மருதமுத்து.

"உறுதிமொழி வாசிக்க வேண்டும். அதற்கு முன்னால் பெயரைக் கூப்பிட வேண்டும், அது நடைமுறை." குரலை உயர்த்தினார். "ஹரிபத மண்டல்!"

"ஹாஜிர்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "யார் ரெண்டாவது ஆள்?"

 பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக அது இன்னொருவருக்குக் கேட்டிருக்கிறது. மருதமுத்து திரும்பினான். லக்ஷ்மி அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால், சுவருக்கும் அவனுக்கும் நடுவே இருந்த ஒன்றரை அடி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள், புருஷன் வீட்டுக்குள் வந்தால் செய்வது போல.

"அவர் குரல்" என்றாள்.

உறுதிமொழிக் காகிதத்தை மருதமுத்துவின் கையில் திணித்தார் மஹாதேவன். 'ஹரிபத மண்டல் ஆகிய நான்' என்று தொடங்கியது. அவன் அதை மேஜை மேல் வைத்தான்.

"ஹரிபத மண்டல் செத்துட்டார். நான் பார்த்தேன்."

மஹாதேவன் தமிழில் அவன் காதைக் கடித்தார். "டேய், டேய், என்னடா பண்றே? வாசிடா."

அவன் நிறுத்தவில்லை. பலகை வழுக்கியதைச் சொன்னான். மூட்டை முதலில் போனதைச் சொன்னான். தலை ஒரு தடவை மேலே வந்ததைச் சொன்னான். யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். வெளியே மேளம் அடித்துக்கொண்டிருந்தது.

"என்ன கிழமை?" என்று லக்ஷ்மி கேட்டாள்.

"செவ்வாய். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கல இன்னும்."

"கத்தினாரா?"

"இல்ல பௌதி. மேல வந்தப்ப என்னைப் பார்த்தார்."

"நீ?"

"நான் ஆணியைப் பார்த்தேன்."

அவள் அழவில்லை.  பிறகு அதிகாரியிடம், "இவர் சொன்னதை எழுதிக்குங்க. எனக்கு ஒரு காகிதம் குடுங்க" என்றாள்.

அதிகாரி கெட்ட மனிதர் அல்ல. தேர்தல் அலுவலகத்தில் சாவு எழுதுவதில்லை, ஆனாலும் கண்ணால் கண்ட சாட்சியின் வாக்குமூலம் என்று ஒன்று எழுதிக் கையெழுத்தோடு கொடுத்தால் அதை வைத்து மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம் என்றார். பேனாவைத் திறந்தார்.

"சாட்சி பெயர்?"

"மருதமுத்து."

"அட்டை?"

மருதமுத்துவிடம் இருந்தது ஒரே அட்டை. அதிகாரி அதை மறுபடி பார்த்தார். ரேஷன் அட்டை கேட்டார். அதிலும் ஹரிபத. கிடங்கு ரிஜிஸ்டரில் ஹரிபத. மருதமுத்து என்ற பெயரில் ஏதாவது ஒரு காகிதம், ஒரு துண்டு? அப்பா செத்து குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது டிரங்குப் பெட்டியோடு எல்லாம் போயிற்று. அதற்குப் பிறகு அந்தப் பெயருக்கு ஒரு காகிதமும் தேவைப்படவில்லை.

அதிகாரி எழுதியதை அடித்தார். "இதன்படி, ஹரிபத மண்டல் என்பவர் தான் இறந்துவிட்டதாக நேரில் வந்து தெரிவிக்கிறார். அதற்குப் படிவம் இல்லை அம்மா." அவருக்கே சங்கடமாக இருந்தது. பேனாவை மூடினார். "மனு உண்டா இல்லையா? வெளியே ஆட்கள் நிற்கிறார்கள்."

அன்று பிற்பகலே உபகமிட்டி அவசரமாகக் கூடியது. வேட்பாளர் உயிரோடு இல்லை என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கவலை வேறு. "பிரச்சினை அவர் செத்ததல்ல" என்று அனாதி பாபு விளக்கினார். "பேசிவிட்டார். இன்று சாவைப் பற்றிப் பேசியவர் நாளை சாக்கடையைப் பற்றிப் பேசமாட்டார் என்று என்ன உத்தரவாதம்?" பெயரை மறுபடி வாசித்தார்கள். ஏழு பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். வாசலில் நின்ற மஹாதேவனுக்கும் இருமல் வந்தது. ஓட்டுரிமை இல்லாததால் அது குறிப்பில் ஏறவில்லை.

அடுத்த பெயர் சால்ட் லேக்கில் ஒரு பழைய தலைவருடையது. ஒன்றரை வருஷமாக ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். ஒரு நிமிடம் மௌனம். ஒரு தொண்டைகூடக் கமறவில்லை. நிபந்தனைகளுக்கு இவ்வளவு பொருந்திய ஒருவரை இத்தனை நாளாக யாரும் நினைக்கவில்லையே என்று அனாதி பாபு வருத்தப்பட்டார்.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தொட்டதைப் பாதியில் விடாத கட்சி அது. பொது இடத்தில் தன்னிச்சையாகக் கருத்துத் தெரிவித்த ஒழுங்கீனத்துக்காக ஹரிபத மண்டலை ஆறு வருஷத்துக்கு நீக்கி, வீட்டு விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியது. லக்ஷ்மி கையெழுத்துப் போட்டு வாங்கினாள். யாரையோ விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அதை எடுத்துக்கொண்டு புரோகிதரிடம் போனாள், சாட்சி வாய்விட்டுச் சொல்லிவிட்டான், தர்ப்பைப் பொம்மைக்கு நாள் குறித்துக் கொடுங்கள் என்று.

புரோகிதர் தேதியைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார். "ஜூன் ரெண்டாயிரம். ஆறு வருஷம் நீக்கியிருக்காங்க. உசிரோட இருக்கிறவரைத்தானே அம்மா நீக்க முடியும்?"

கிடங்கில் டோக்கன் போகவில்லை. போகும் என்று பயந்த பதினேழு வருஷமும் வீண். 114ஐ ரத்து செய்ய ஹரிபத சாக வேண்டும், அவர் சாகவில்லை, நீக்கப்பட்டிருக்கிறார். காலையில் கணக்கர் கூப்பிட்டார். இரண்டு குரலும் பதில் சொல்லின. மருதமுத்து குனிந்தான். சாக்கு ஏறியது, பிறகு ஈரம் ஏறியது. முன்பு அது சும்மா உட்கார்ந்திருக்கும். இப்போது காதருகே மூச்சு விட்டது.

மாதம் பிறந்ததும் பாதிக் கூலியோடு மெட்டியாபுருஸுக்குப் போனான். லக்ஷ்மி கதவைத் திறந்தாள். வகிட்டில் குங்குமம் இருந்தது. கையில் சங்கு வளையல் இருந்தது. கழற்றப் போனாளாம். உயிரோடு இருக்கிற புருஷனுக்கு ஆகாததைச் செய்கிறாள் என்று சந்துப் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்களாம். ரெண்டு மணிக்கட்டிலும் கீறல் தெரிந்தது.

அவள் பணத்தைத் தொடவில்லை. வழக்கமான கேள்வியும் கேட்கவில்லை.

"இது எனக்கு வேணாம். என் புருஷனோட கூலி இல்ல இது, உன் கூலி. உனக்குப் பொண்டாட்டி இருக்கா."

"அப்ப நான் என்ன பௌதி செய்யட்டும்?"

"உன் பேர்ல ஒரு காகிதம் தேடு. எங்க கிடைக்குமோ அங்க போ. உன் ஊருக்குப் போ, உங்க அப்பா வேலை பார்த்த ஆபீசுக்குப் போ. நீ மருதமுத்துன்னு யாராவது எழுதிக் குடுத்தாத்தான் நீ பார்த்தது பார்த்ததாகும்." கதவைப் பாதி சாத்தினாள். "கிடைச்சா வா. இல்லாட்டி வராதே. ரெண்டு பேரா வந்து என் வாசல்ல நிக்காதீங்க."

அதன்பின் அவன் ரயில்வே தலைமையகத்தில் மூன்று ஜன்னல்களில் நின்றான். அப்பாவின் பழைய ஃபைலைத் தேட மனு கொடுக்கச் சொன்னார்கள். மனுவில் பெயர் எழுத வேண்டும், பெயருக்கு அட்டை காட்ட வேண்டும். மூன்று ஜன்னலிலும் அவன் நின்ற இடத்தில் தரை நனைந்திருந்தது. துடைக்க வந்தவள் ரெண்டு ஜோடிக் கால்தடத்தைத் துடைத்தாள்.

லக்ஷ்மிக்கு மருதமுத்து தர வேண்டியது ஹரிபத மண்டலின் சாவு. எழுத்தில், தேதி போட்டு. அதை அவன் இன்னும் தரவில்லை.